இதயத்துக்குள்ளே கட்டிய சாரம்

2003 ஜூன் 26. பிரான்ஸ் நாட்டு லியோன் நகரம். கான்ஃபெடரேஷன்ஸ் கப் கால்பந்து அரையிறுதி. கேமரூனும் கொலம்பியாவும் ஆடிக்கிட்டிருக்கு. 72-வது நிமிஷம், கேமரூன் ஆட்டக்காரர் மார்க்-விவியன் ஃபோ நடுவட்டத்துல நின்னுக்கிட்டிருந்தவர் அப்படியே சரிஞ்சு விழுந்தார். யாரும் இடிக்கலை, பக்கத்துலயும் யாரும் இல்லை. டாக்டர்கள் முக்கால் மணி நேரம் போராடியும் பலனில்லை. வயசு 28. முதல் பிரேதப் பரிசோதனையில காரணம் சிக்கலை. ரெண்டாவது பரிசோதனையிலதான் சொன்னாங்க: ஹைப்பர்ட்ரோபிக் கார்டியோமயோபதி. இதயச் சுவர் தேவையில்லாம தடிச்சுப் போற நோய்.

நம்ம ஊர்ல இந்த மாதிரி சின்ன வயசுல யாராவது போயிட்டா எல்லாத்துக்கும் ஒரே பேர்தான், "ஹார்ட் அட்டாக்". ஆனா ஹார்ட் அட்டாக்ங்கிறது குழாய் அடைப்பு. இதயத்துக்கு ரத்தம் கொண்டு போற குழாய்ல கொழுப்பு சேர்ந்து, ரத்தம் உறைஞ்சு, தசை பட்டினியில சாகுறது. ஃபோவுக்கு வந்தது அது இல்லை. குழாய் சுத்தமா இருந்தாலும் வரக்கூடியது இது. செங்கல்லே கோணலா இருந்தா சுவர் எப்படி நிக்கும்? அந்தச் செங்கல் கதைதான் இன்னைக்கு.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. பிளஸ் டூவுல கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். தவளையை அறுத்தது கூட கிடையாது. ஆபீஸ்ல ஆணி கம்மியா இருந்த நாட்கள்ல தேடித் தேடிப் படிச்சதை எழுதறேன். இதை வச்சு யாரும் மாத்திரையை நிறுத்தவோ ஆரம்பிக்கவோ வேண்டாம்.

சரி, மேட்டருக்கு வருவோம். செல் அப்படின்னா ஒரு பை, உள்ள கொழகொழன்னு தண்ணி, நடுவுல உட்கரு. பத்தாவது புத்தகத்துல அப்படித்தானே படம் போட்டிருந்தது? நிஜத்துல அந்தப் பைக்குள்ள ஒரு சாரமே கட்டியிருக்கு. கட்டட வேலைக்கு சவுக்குக் கம்பு கட்டி நிறுத்துவாங்களே, அது மாதிரி புரத இழைகளால ஆன சாரம். 1931-ல பால் வின்ட்ரெபெர்ங்கிற பிரெஞ்சுக்காரர் இதுக்கு செல்லோட எலும்புக்கூடுன்னு அர்த்தம் வர்ற மாதிரி பேர் வச்சார். இன்னைக்கு சைட்டோஸ்கெலிட்டன்ங்கிறாங்க. மத்த பல செல்கள்ல இந்த சாரத்தோட முக்கிய வேலை வடிவத்தைக் காப்பாத்தறது. இதயச் செல்லுல இதுக்கு டபுள் டியூட்டி. சாரமே இஞ்சினும் கூட. அதுவே இழுக்கும், அதுவே தாங்கும். நாளைக்கு சுமார் ஒரு லட்சம் தடவை. லீவு கிடையாது, ரீஸ்டார்ட் கிடையாது.

இந்த இஞ்சினோட முதல் பாகத்துக்குப் பேர் வச்சது வில்ஹெல்ம் க்யூன என்கிற ஜெர்மானியர், 1864-ல. தவளைத் தசையைப் பிழிஞ்சு எடுத்த புரதத்துக்கு மயோசின்னு பேர் வச்சார். என்சைம்ங்கிற வார்த்தையையும் இவர்தான் உருவாக்கினார். பேர் வைக்கறதுல கில்லாடி. ஆனா மயோசின் என்ன வேலை செய்யுதுன்னு தெரிய இன்னும் முக்கால் நூற்றாண்டு ஆச்சு. 1939-ல மாஸ்கோவில எங்கெல்ஹார்ட், ல்யூபிமோவா என்கிற தம்பதி, மயோசின்தான் ஏடிபியை உடைக்குதுன்னு கண்டுபிடிச்சாங்க. ஏடிபின்னா செல்லோட பெட்ரோல். அதாவது பெட்ரோலை எரிக்கிற இடமும் இழுக்கிற கயிறும் ஒண்ணேதான்னு முதல் முறையா ஒரு சந்தேகம் வந்தது.

இங்க இருந்து கதை ஹங்கேரிக்குப் போகுது. எனக்கு இந்த மொத்த வரலாற்றுல ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான், அதனால கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

செகெட்ங்கிறது தெற்கு ஹங்கேரியில ஒரு ஊர், மிளகாய்க்குப் பேர் போனது. நம்ம குண்டூர் மாதிரின்னு வச்சுக்குங்க. அந்த ஊர் மிளகாயில இருந்துதான் ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜி வைட்டமின் சியைக் கிலோ கணக்கில பிரிச்செடுத்தார். 1937-ல நோபல் பரிசும் வாங்கினார். அதோட உட்கார்ந்து மாலை வாங்கிக்கிட்டு இருந்திருக்கலாம். மனுஷன் தசை பக்கம் திரும்பிட்டார். ரெண்டாம் உலகப்போர் நடந்துக்கிட்டிருக்கு. வெளிநாட்டுப் பத்திரிகை வராது, இவங்க எழுதறதும் வெளியே போகாது.

அவரோட ஆய்வகத்துல இலோனா பங்கான்னு ஒரு அம்மா. முயல் தசையை அரைச்சு உப்புக் கரைசல்ல ஊற வச்சு மயோசின் எடுக்கிறது வழக்கம். இருபது நிமிஷத்துல வடிகட்டினா தண்ணியா இருக்கும். ஒரு தடவை ராத்திரி முழுக்க அப்படியே இருந்துடுச்சு. காலையில பார்த்தா கெட்டியா, ஜவ்வு மாதிரி. வேற யாராவது இருந்தா கெட்டுப்போச்சுன்னு கீழ ஊத்தியிருப்பாங்க. இவங்க அதுல கொஞ்சம் ஏடிபியைப் போட்டுப் பார்த்தாங்க. திரும்பத் தண்ணியாச்சு! அப்போ ராத்திரியில வேற ஏதோ ஒண்ணு கரைஞ்சு வந்து மயோசினோட கை கோத்திருக்கு. அந்த வேற ஏதோ ஒண்ணைத் தனியாப் பிரிச்சது, அதே ஆய்வகத்துல இருந்த ப்ரூனோ ஸ்ட்ராப் என்கிற இளைஞர். 1942-ல அதுக்கு வச்ச பேர் ஆக்டின்.

ரெண்டையும் கலந்து மெல்லிய நூலா இழுத்து, ஏடிபி இருக்கிற கரைசல்ல போட்டாங்க. நூல் சுருங்குச்சு. உயிர் இல்லாத ஒரு கண்ணாடிப் பாத்திரத்துல தசை செய்யற வேலையை ரெண்டு புரதம் செஞ்சது. என் வாழ்க்கையில இதை விடப் பெரிய பரவசம் இல்லைன்னு சென்ட்-ஜியார்ஜி பின்னாடி எழுதியிருக்கார். நோபல் வாங்கின ஆள் சொல்றார், கவனிங்க.

இதுக்கு நடுவுல அவர் ஒற்றன் வேலை வேற பார்த்தார். 1943-ல லெக்சர் குடுக்கிற சாக்குல இஸ்தான்புல் போய் நேச நாடுகளோட ரகசியமாப் பேசினார். விஷயம் ஜெர்மனிக்குத் தெரிஞ்சு போய், போர் முடியிற வரைக்கும் தலைமறைவு வாழ்க்கை. சினிமா எடுத்தா நம்ப மாட்டாங்க. செகெட் ஆராய்ச்சி எல்லாம் போர் முடியிற நேரத்துல ஸ்வீடன் வழியாத்தான் வெளியுலகத்துக்கு ஒழுங்காப் போய்ச் சேர்ந்தது.

சரி, நூல் சுருங்குது. எப்படிச் சுருங்குது? புரதம் ஸ்பிரிங் மாதிரி மடங்குதுன்னுதான் அப்போ எல்லாரும் நினைச்சாங்க. 1954 மே 22 தேதியிட்ட நேச்சர் பத்திரிகையில அடுத்தடுத்து ரெண்டு கட்டுரை. ஒண்ணு ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் நீடர்கெர்கெயும் எழுதினது. இன்னொண்ணு ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும் எழுதினது. ரெண்டு ஹக்ஸ்லிக்கும் எந்தச் சொந்தமும் கிடையாது, ஊர்ல ரெண்டு முருகேசன் இருக்கிற மாதிரிதான். ரெண்டு கோஷ்டியும் தனித்தனியா ஒரே முடிவுக்கு வந்திருந்தாங்க. எதுவும் மடங்கலை. மயோசின் கம்பிகளோட நீளமும் மாறலை, ஆக்டின் கம்பிகளோட நீளமும் மாறலை. ஒண்ணுக்குள்ள ஒண்ணு வழுக்கிக்கிட்டுப் போகுது. ரெண்டு சீப்பை எதிரெதிரா வச்சு ஒண்ணுக்குள்ள ஒண்ணு தள்ளிப் பாருங்க, அதே கதை. மயோசினோட தலைகள் துடுப்பு மாதிரி ஆக்டினைப் பிடிச்சு இழுத்து விடும். இப்படி ஒரு செட் சுமார் 2 மைக்ரோமீட்டர் நீளம், பேர் சார்கோமியர். இதயத்துச் செல் முழுக்க இதுதான் வரிசையா அடுக்கியிருக்கு.

இழுக்கறதை எப்போ ஆரம்பிக்கணும், எப்போ நிறுத்தணும்னு சொல்ற சுவிட்ச் ஜப்பான்ல கிடைச்சது. செட்சுரோ எபாஷி 1960-களில் கண்டுபிடிச்ச டிரோப்போனின். கால்சியம் வந்து ஒட்டினா சுவிட்ச் ஆன். இன்னைக்கு நெஞ்சு வலின்னு எமர்ஜென்சிக்குப் போனா ரத்தம் எடுத்து டிரோப்போனின் டெஸ்ட் பண்றாங்களே, அதே டிரோப்போனின்தான். இதயச் செல் உடைஞ்சா சாரத்தோட துண்டு ரத்தத்துல மிதக்கும், அதைத்தான் அளக்கறாங்க.

இதுவரைக்கும் எல்லாம் முயல், தவளை. மனுஷங்க பக்கம் வருவோம். அங்க கதாநாயகன் ஒரு பிணவறை டாக்டர்.

டொனால்ட் டியர், லண்டன் செயின்ட் ஜார்ஜ் ஆஸ்பத்திரி. தடயவியல் நிபுணர். ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் செத்தப்போ பிரேதப் பரிசோதனை பண்ணினவர், புரூஸ் லீ மரண விசாரணைக்கு ஹாங்காங் போய் சாட்சி சொன்னவர். ஆனா இதய டாக்டர்களுக்கு இவரை ஞாபகம் இருக்கிறது 1958-ல எழுதின ஒரு கட்டுரைக்காக. அவர் மேஜைக்கு வந்த எட்டுப் பேர். எல்லாரும் இளம் வயசுக்காரங்க, பெரும்பாலும் திடீர்னு செத்தவங்க. இதயத்தைத் திறந்தா இடது வலது அறைகளுக்கு நடுவுல இருக்கிற சுவர் மட்டும் ஒரு பக்கமாப் பெருத்திருக்கு. ஏதாவது கட்டியோன்னு கூடத் தோணியிருக்கு. மைக்ராஸ்கோப்ல பார்த்தா கட்டி இல்லை, தசைதான். ஆனா அணிவகுப்பு மாதிரி வரிசையா இருக்க வேண்டிய தசை இழைகள், மீன் மார்க்கெட் கூட்டம் மாதிரி ஆளுக்கொரு திசையில கிடக்கு. அப்புறம் செத்துப்போன ஒருத்தரோட குடும்பத்திலேயே அதே நோய் தெரிய ஆரம்பிச்சது. அப்போ இது பரம்பரை.

அதுக்கப்புறம் அமெரிக்காவில ஆண்ட்ரூ மாரோன்னு ஒரு சர்ஜன், தடிச்ச சுவரைச் செதுக்கி எடுக்கிற ஆபரேஷனை நிலைநாட்டினார். இன்னைக்கும் அது அவர் பேர்ல தான் இருக்கு. அந்த மனுஷனுக்கே அந்த நோய் இருந்தது, 1982-ல அதுலயே இறந்தும் போனார். இதைப் படிச்ச அன்னைக்கு எனக்கு வேற எதுவும் ஓடலை.

கனடா நாட்டு கியூபெக் மாகாணத்துல கோட்டிகூக்னு ஒரு ஊர். அங்க ஒரு பிரெஞ்சுக்காரக் குடும்பத்துல தலைமுறை தலைமுறையா ஆட்கள் சின்ன வயசுல பொசுக்குனு போய்க்கிட்டே இருந்தாங்க. நம்ம ஊரா இருந்தா குலதெய்வக் குத்தம்னு சொல்லியிருப்பாங்க. மான்ட்ரியால் டாக்டர்கள் வீடு வீடாப் போய் வம்சாவளி போட்டு 1961-ல எழுதி வச்சாங்க. அவ்வளவுதான், அப்போ அதுக்கு மேல தோண்டக் கருவி இல்லை. கிட்டத்தட்ட முப்பது வருஷம் கழிச்சு, ஹார்வர்டுல கிறிஸ்டின் சைட்மன், ஜோனதன் சைட்மன் தம்பதியோட குழு அதே குடும்பத்தோட ரத்தத்தை வச்சு 1989-ல 14-வது குரோமோசோம் வரைக்கும் வந்தாங்க. 1990-ல ஆளைப் பிடிச்சாங்க. மயோசினேதான்! 1,935 அமினோ அமிலம் கோத்த சங்கிலியில 403-வது இடத்துல ஒரே ஒரு எழுத்து தப்பு. ஆர்ஜினின் இருக்க வேண்டிய இடத்துல குளூட்டமின். லட்சக்கணக்கான வரி கோடுல ஒரு கேரக்டர் மாறி, முப்பது வருஷம் ஒழுங்கா ஓடி, ஒரு நாள் ராத்திரி புரொடக்‌ஷன்ல சர்வர் விழறது இல்லையா? எங்க தொழில்ல அடுத்த நாள் மீட்டிங் போட்டுப் பேசிக்கலாம்.

1994-க்குள்ள டிரோப்போனின், டிரோப்போமயோசின்லயும் தப்பு கண்டுபிடிச்சு, இது சார்கோமியரோட நோய்னு சைட்மன் குழு ஒரே போடா போட்டாங்க. 500 பேருக்கு ஒருத்தர்ங்கிற கணக்கும் 1995-ல வந்தது. அபூர்வ நோய்னு சொல்ல முடியாத அளவு.

என் நண்பர் ஒருத்தர், கூட வேலை பார்க்கிறவர், ஒரு நாள் எக்கோ ரிப்போர்ட்டை எடுத்துக்கிட்டு என் டெஸ்க்குக்கு வந்தார். ரிப்போர்ட் அவரோடது இல்லை, அவங்க அண்ணனோடது. "மச்சான், நீ ஏதோ படிச்சுக்கிட்டு இருக்கியே, இதுல 19 எம்எம்னு போட்டிருக்கே, என்னடா அது?" சுவரோட தடிமன். 12-க்குள்ள இருக்கணும், 15-ஐத் தாண்டினா இந்த நோய்னு சந்தேகப்படுவாங்க. படிச்சதுல எனக்குத் தெரிஞ்ச ஒரே உருப்படியான விஷயத்தைச் சொன்னேன்: அண்ணனுக்கு இருந்தா, கூடப் பிறந்தவங்களுக்கும் பிள்ளைகளுக்கும் இருக்கிறதுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கு, நீயும் போய் எக்கோ எடு. "எனக்கு ஒண்ணும் இல்லையேடா, நேத்து கூட கிரிக்கெட் ஆடினேன்" அப்படின்னார். ஃபோவும் ஆடிக்கிட்டுதானே இருந்தார்னு வாய் வரைக்கும் வந்தது, சொல்லலை. எக்கோ எடுத்தார். நார்மல். வருஷக்கணக்கில திரும்பத் திரும்பப் பார்க்கச் சொல்லியிருக்காங்க, ஏன்னா இது லேட்டாவும் எட்டிப் பார்க்கும்.

இஞ்சின் தப்பானா ஒரு நோய். சாரம் தப்பானா? அது வேற கதை, சுவர் தடிக்காது, மெலிஞ்சு ஊதிப்போகும். 1987-ல லூயி குன்கெல் குழு டிஸ்ட்ரோஃபின் புரதத்தைக் கண்டுபிடிச்சாங்க. செல்லோட தோலுக்கு அடியில இருந்துக்கிட்டு, உள்ள இருக்கிற ஆக்டினை வெளிச்சுவரோட இழுத்துக் கட்டற கயிறு. ஒவ்வொரு துடிப்புக்கும் தோல் கிழியாம பார்த்துக்கிறது இதுதான். டுஷேன் நோய் வர்ற பையன்களுக்கு இந்தக் கயிறே இருக்காது. கால் தசை போகும், மூச்சுத் தசை போகும், கடைசியில இதயம். இப்போ மூச்சுக்கு மெஷின் இருக்கறதால இருபதுகளைத் தாண்டி வாழறாங்க. அதனாலயே இதயம் முன்வரிசைக்கு வந்துடுச்சு. 1999-ல இன்னொரு ஆச்சரியம்: காக்ஸாக்கி வைரஸ் இதயத்துக்குள்ள நுழைஞ்சா, அதோட கத்தரி மாதிரி ஒரு என்சைம் இந்த டிஸ்ட்ரோஃபினை வெட்டி விடுதுன்னு கண்டுபிடிச்சாங்க. ஜீன்ல தப்பே இல்லாதவனுக்கும் வைரஸ் அதே கயிறை அறுத்து விடுது.

அப்புறம் டைட்டின். 1970-களில் ஜப்பான்ல மருயாமாவும் அமெரிக்காவில குவான் வாங்கும் தனித்தனியாப் பிடிச்ச ராட்சசன். ரொம்பப் பெரிசுங்கிறதால, புரதங்களைப் பிரிக்கிற ஜெல்லுக்குள்ளயே சாதாரணமா நுழையாது. அதனாலயே அத்தனை நாள் கண்ணுல படலை. மனுஷ உடம்புல இதுதான் மிகப்பெரிய புரதம், முப்பதாயிரத்தை ஒட்டின அமினோ அமிலம். இதோட முழு ரசாயனப் பேரை எழுதினா 1,89,819 எழுத்து வரும், வாசிக்க மூணு மணி நேரத்துக்கு மேல ஆகும் :-) வேலை என்னன்னா, இழுத்த சார்கோமியரைத் திரும்பப் பழைய இடத்துக்குக் கொண்டு வர்ற ரப்பர். 2012-ல சைட்மன் ஆய்வகம் பார்த்தப்போ, பரம்பரையா இதயம் ஊதிப்போற நோயாளிகள்ல சுமார் கால்வாசிப் பேருக்கு டைட்டின் பாதியில அறுந்து நின்னது. 2016-ல பிரசவத்தை ஒட்டி இதயம் பலவீனமாகிற பெண்களைப் பார்த்தாங்க. 172 பேர்ல 15 சதவீதத்துக்கு அதே மாதிரி அறுந்த ஜீன், பெரும்பாலும் டைட்டின். குழந்தை பெத்தவளுக்கு மூச்சு வாங்கினா "பச்ச உடம்பு, அப்படித்தான் இருக்கும்"னு சொல்ற வீடுகள் நிறைய உண்டு. எல்லா மூச்சு வாங்கலும் பச்ச உடம்பு இல்லை.

இப்போ நம்ம ஊர். 2009-ல நேச்சர் ஜெனெடிக்ஸ் பத்திரிகையில ஒரு கட்டுரை. முதல் பேர் பெருந்துறை தண்டபாணி, மதுரை காமராசர் பல்கலைக்கழகம். குழுவை நடத்தினவர் ஹைதராபாத் சிசிஎம்பி ஆய்வகத்தின் குமாரசாமி தங்கராஜ். மயோசினோட கூடவே ஒட்டிக்கிட்டு அதுக்குக் கடிவாளம் போடுற ஒரு புரதம் உண்டு, மயோசின் பைண்டிங் புரோட்டீன்-சி. அந்த ஜீன்ல 25 எழுத்து காணோம். காணாம போனது இன்ட்ரான் பகுதியில. ப்ரோகிராமர் பாஷையில சொன்னா கமெண்ட்டுக்குள்ள. கமெண்ட்டை அழிச்சா என்ன ஆகப் போகுதுங்கறீங்களா? கமெண்ட் முடியுதுன்னு காட்டற குறியும் சேர்ந்து அழிஞ்சுட்டா அடுத்த ஃபங்ஷனையும் கம்பைலர் கமெண்ட்டுன்னு நினைச்சு விட்டுடும் இல்லையா? அதேதான், அடுத்த எக்ஸான் விட்டுப் போகுது.

இதுல அதிர்ச்சி, அந்த விடுபடல் தெற்காசியர்கள்ல சுமார் 4 சதவீதம் பேருக்கு இருக்குங்கிறது. இருந்தா இதயச் செயலிழப்பு ஆபத்து சுமார் ஏழு மடங்குன்னு கட்டுரை சொன்னது. அத்தனை கெடுதலான சங்கதி எப்படி இத்தனை பேர்கிட்ட தங்குச்சு? பிள்ளை குட்டி பெத்த பிறகுதான் நோய் தலையெடுக்குது, அதனால இயற்கைத் தேர்வு கண்டுக்கலைன்னு விளக்கம் கொடுத்தாங்க. கோடிக்கணக்கான இந்தியர் நெஞ்சில டைம் பாம்னு பேப்பர்காரங்க தலைப்பு போடறதுக்கு தோதான விஷயம்.

ஆனா கதை அங்க முடியலை. எங்க தொழில்ல இதைத் தினம் பார்க்கறோம். பில்டு உடைஞ்சா முதல்ல கண்ணுல படற கமிட் மேல பழி போடுவோம். தோண்டினா, அதோட சேர்ந்து செக்-இன் ஆன இன்னொரு ஃபைல்தான் குற்றவாளியா இருக்கும். 2018-ல சக்திவேல் சடையப்பன் குழுவும், 2020-ல பிரிட்டன்ல இருந்து வந்த இன்னொரு ஆய்வும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்லுது. 25 எழுத்து போனவங்க எல்லாருக்கும் ஒரே ஆபத்து இல்லை. அவங்கள்ல ஒரு சின்னப் பகுதிக்கு, அதே ஜீன்ல பக்கத்துல வேற ஒரு மாற்றமும் சேர்ந்தே வருது. தடிச்ச இதயத்தோட வந்த நோயாளிகள்கிட்ட அந்த இரட்டைதான் அதிகம். 2009 ஆய்வு வீண்னு நான் சொல்ல மாட்டேன். அவங்க நம்ம மக்களோட ரத்தத்தை எடுத்துப் பார்க்கலைன்னா அடுத்த கேள்வியைக் கேட்கவே ஆள் இருந்திருக்காது. ஐரோப்பியர் ஜீனை மட்டும் வச்சுத் தயாரிச்ச பட்டியல்ல இது வந்திருக்கவே வந்திருக்காது.

கடைசியா மருந்து. ஹியூ ஹக்ஸ்லிகிட்ட கேம்பிரிட்ஜ்ல வேலை பழகினவர் ஜேம்ஸ் ஸ்புடிச். மயோசினை ஒரு மோட்டாராப் பார்த்து வாழ்நாள் முழுக்க அதையே அளந்தவர். சைட்மன் தம்பதியும் இவரும் இன்னும் சிலரும் சேர்ந்து 2012-ல ஒரு கம்பெனி ஆரம்பிச்சாங்க. யோசனை இதுதான்: நல்ல இதயத்துல ஓய்வு நேரத்துல மயோசின் தலைகள்ல பல மடங்கிப் படுத்துத் தூங்கும், இந்த நோயில நிறையத் தலைகள் முழிச்சுக்கிட்டு இழுத்துக்கிட்டே இருக்கு, அப்போ தூங்க வைக்கிற ஒரு மாத்திரை குடுத்தா என்ன? மாவகாம்டென். 2022 ஏப்ரல்ல அமெரிக்காவில அனுமதி கிடைச்சது. அளவு கூடினா இதயம் பம்ப் பண்றதே குறைஞ்சுடும், அதனால ஒழுங்கா எக்கோ எடுத்துக்கிட்டே சாப்பிடணும். வெளிவந்தப்போ அங்க போட்ட விலை வருஷத்துக்கு 89,500 டாலர். அன்னைய கணக்குக்கு சுமார் 68 லட்சம் ரூபாய். நண்பர்கிட்ட இதைச் சொன்னப்போ கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "அண்ணனுக்கு இப்போ குடுக்கிற பீட்டா பிளாக்கர் அட்டை என்ன விலைன்னு தெரியுமாடா?"ன்னு கேட்டார்.